கட்டத்துக்கு வெளியிலிருந்து

மூன்று பேச்சுப் பலூன் இருக்க வேண்டிய கட்டத்தில் நான்கு இருந்தன.

அவள் பேனாவை வைத்துவிட்டு மறுபடியும் எண்ணினாள். சிறுவர் வார இதழுக்கு ஏழு வருடமாகப் படக்கதை வரைகிறவளுக்கு நாலு வரை எண்ணத் தெரியாமல் போகாது. நத்தைத் தபால்காரர் கதவைத் தட்டுகிறார், ஒன்று. உள்ளே இருக்கும் எலி யாரென்று கேட்கிறது, இரண்டு. நத்தை பதில் சொல்கிறார், மூன்று. நான்காவது பலூன் கட்டத்தின் வலது மூலையில் காலியாக இருந்தது. பலூனின் வால் யாரைக் காட்டுகிறதோ அவர்தான் பேசுகிறார் என்பது எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைகளுக்கே தெரியும். இந்த வால் எலியையும் காட்டவில்லை, நத்தையையும் காட்டவில்லை. நீளமாக நெளிந்து ஓடி, கட்டத்தின் ஓரக்கோட்டில் போய் முட்டி நின்றது. படத்துக்கு வெளியே நின்று யாராவது பேசினால் போடுகிற வால் அது.

கோடு அவளுடைய கோடுதான், அதில் சந்தேகமே இல்லை. மேல்மாடிக்காரர் நாற்காலியை இழுக்கிற சத்தமும், மின்விசிறியின் டக் டக்கும், மையும் ஈரச்சுவரும் கலந்து வீசுகிற அந்த அறையின் பழகிப்போன வாசனையுமாக அந்த மாலை எல்லா மாலைகளையும் போலத்தான் இருந்தது. தூக்கக் கலக்கத்தில் கை தானாகப் போட்டிருக்கும் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு, வெள்ளை மையை எடுத்து அதை அழித்தாள். அழித்த பிறகும் மனசு ஆறவில்லை, ஏனென்றால் போன மாதம் ஒரு முறை இதே மாதிரி ஒரு பலூனை அவளே தெரிந்து போட்டிருந்தாள்.

அது பாப்பாவின் பிறந்தநாள் வாரம். பாப்பாவுக்கு ஏழு வயது. அப்பாவோடு வேறு ஊரில் இருக்கிறாள், ரயிலில் போனால் ஒரு முழு நாள். பிரிந்தபோது வேலையும் பள்ளிக்கூடமும் அவர் பக்கம் இருந்தன, அதனால் பிள்ளையும் அவர் பக்கம் போனாள். அம்மாவுக்கு மிஞ்சியது ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி வீடியோ கால். சாப்பிட்டாயா, படித்தாயா என்று கேட்டால் இரண்டு நிமிடத்தில் பேச்சு தீர்ந்துவிடும். மிச்ச நேரத்தை ஓட்டித் தந்தது நத்தைதான். அந்த வாரம் படத்துக்கு வெளியே தான் நிற்பது போல ஒரு பலூனை வரைந்து, அதில் மகளுக்கு மட்டும் புரிகிற மாதிரி ஏதாவது எழுத நினைத்தாள். வாழ்த்து என்றால் கடையில் வாங்கிய அட்டை மாதிரி இருந்தது. 'அம்மா பக்கத்திலேயே இருக்கேன்' என்றால் பொய். ஒன்றும் தோன்றாமல் பலூனைக் காலியாகவே அனுப்பிவிட்டாள்.

பலூன்களுக்குள் எழுத்து போடுகிற பெரியவர் மறுநாளே போன் செய்தார். "என்னம்மா, ஒண்ணு காலியா கிடக்கு. நான் என்னத்த எழுதறது?"

"ஒண்ணும் வேண்டாம் சார். இந்த ஒரு தடவை அப்படியே விட்டுடுங்க."

"காலியா விடக் கூடாதும்மா. யாராவது வந்து பேசிட்டுப் போயிடுவாங்க," என்று சிரித்தார். பேனாவும் கையுமாக அலைகிற பிள்ளைகளைத்தான் சொன்னார். அவளும் சிரித்துவைத்தாள்.

இப்போது அழித்து அனுப்பிய பலூன், ஞாயிற்றுக்கிழமை அச்சாகி வந்த இதழில் இருந்தது. காலியாக, வாலோடு. வெள்ளை மை சரியாக மூடவில்லை போலும் என்று நினைத்தாள்.

ஆறு மணிக்குப் பாப்பா திரையில் வந்தாள். அது அவள் அப்பாவின் போன். மகளும் தாயும் தனியாகப் பேசட்டும் என்று அதைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அவர் கடைக்குப் போய்விடுவார். நல்ல மனுஷன்தான், சேர்ந்து வாழத்தான் முடியவில்லை.

"அம்மா, அந்த வெளியில இருக்கிறவங்க பேசிட்டாங்க," என்றாள் பாப்பா.

"எங்கடா?"

"இங்க, வால் வெச்ச பலூன்ல." பக்கத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டினாள். "நா...ன்... கிளம்...பிட்...டேன்."

அம்மாவின் கையிலும் அதே இதழ், அதே பக்கம் இருந்தது. பலூனில் ஒரு புள்ளிகூட இல்லை. பிள்ளை விளையாடுகிறாள் என்று எண்ணிக்கொண்டாலும், பக்கத்தை விளக்கடியில் பிடித்து மறுபடியும் பார்த்தாள்.

அடுத்த வாரம் வரைந்து முடித்ததும் கட்டம் கட்டமாக, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். கூடுதலாக எதுவும் இல்லை. பக்கங்களை உறையில் போட்டு ஒட்டி, தானே கொண்டுபோய் அலுவலகத்தில் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை இதழைப் பிரித்தால், இரண்டாம் பக்கத்தில் பலூன். வால் பாதியாகக் குறைந்திருந்தது. பேசுகிறவர் நெருங்க நெருங்க வாலைக் குட்டையாகப் போட வேண்டும் என்பது தொழிலில் முதலில் கற்றுக்கொள்கிற பாடம்.

"பா...தி... வழி... வந்...துட்டேன்," என்று படித்தாள் பாப்பா. சந்தோஷமாகத்தான் படித்தாள்.

அன்று அவர் கடையிலிருந்து திரும்புகிறவரை அழைப்பைத் துண்டிக்காமல் வைத்திருந்தாள். இதழைப் புரட்டிப் பார்க்கச் சொன்னாள். அவர் பார்த்தார்.

"காலியாத்தானே இருக்கு. இவளா எதையோ கட்டி விடுறா. கதை சொல்லிச் சொல்லி வளர்த்தது நீதானே, யாரைக் குறை சொல்றது?"

"பாப்பாவைத் தனியா விட்டுட்டுப் போகாதீங்க."

"பத்து நிமிஷம்மா. கீழ்க்கடை," என்றார் அவர். அந்தக் குரலில் இருந்த பொறுமை அவளுக்கு நன்றாகத் தெரியும். பைத்தியத்திடம் பேசுகிற பொறுமை.

அந்த இரவு முழுக்க யோசித்துவிட்டு, காலையில் இதழ் ஆசிரியரைப் போனில் கூப்பிட்டு இந்த வாரம் நத்தை வராது என்றாள். உடம்பு சரியில்லையா என்று கேட்டார். ஆமாம் என்றாள். ஏழு வருடத்தில் ஒரு வாரம்கூட நிற்காத கதை. நத்தை இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை மகளோடு என்ன பேசுவது என்று நினைத்தபோது அழுகை வந்தது. ஆனால் வரைந்தால்தானே பலூன் வரும்? வரையாவிட்டால் அது எங்கே போய் உட்காரும்? மைப்புட்டியை இறுக மூடி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். ஆறு நாள் மேசைப் பக்கமே போகவில்லை. ஏழு வருடமாக நடுவிரலில் ஒட்டிக்கிடந்த மைக்கறைகூட கழுவக் கழுவப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை இதழில், நத்தை இருக்க வேண்டிய பக்கத்தில், 'நத்தைத் தபால்காரர் இந்த வாரம் விடுமுறையில் இருக்கிறார்' என்று ஒரு வரி இருந்தது. சுற்றிலும் வெள்ளை. வேறொன்றும் இல்லை. ஒரு மாதத்தில் முதல் முறையாக மூச்சு ஒழுங்காக வந்தது.

ஆறு மணி. பாப்பா நாற்காலியில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். பின்னால் மஞ்சள் சுவர். அப்பா கடைக்குப் போயாகிவிட்டது.

"நத்தை லீவாம்," என்றாள் உதட்டைப் பிதுக்கி.

"அடுத்த வாரம் வந்துடும்டா."

"ஆனா பலூன் வந்திருக்கு."

பாப்பா இதழைத் தூக்கித் திரைக்கு நேராகப் பிடித்தாள். வெள்ளைப் பக்கம். நடுவில் ஒரு பலூன். திரையிலும் அது காலியாகத்தான் தெரிந்தது.

"வாலே இல்ல பாரு."

வால் இல்லை. வாலுக்கு இடம் இல்லை.

"பாப்பா, அதை மூடி வை. படிக்காதே."

"வா...சல்ல... நிக்...கிறேன்."

அழைப்பு மணி அடித்தது. அந்தப் பக்கம். போனுக்குள்.

"பாப்பா, கதவைத் திறக்காதே. அப்பா வர்ற வரைக்கும் திறக்காதே. கேக்குதா?"

பாப்பா தலையைச் சாய்த்துத் திரையைப் பார்த்தாள். "அம்மா, உன் படம் நின்னுபோச்சு."

"நிக்கலடா, நான் பேசிட்டுத்தான் இருக்கேன்."

"வாயைத் திறந்துட்டே நிக்கிற," என்று சிரித்தாள் பாப்பா. "சத்தமே வரல."

அவள் கத்தினாள். மேல்மாடியில் நாற்காலிச் சத்தம் நின்றது. பாப்பாவுக்குக் கேட்கவில்லை.

மறுபடி மணி. பிறகு கதவைத் தட்டும் சத்தம். பொறுமையாக. மூன்று தட்டு. பிறகு குரல்.

"பாப்பா, அம்மா வந்திருக்கேன்."

அவளுடைய குரல். கொஞ்சம் கரகரப்போடு, அவள் தினமும் தனக்குள் கேட்கிற அதே குரல்.

பாப்பாவின் கண் விரிந்தது. கதவுப் பக்கம் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். கணக்கு சரியாக வந்துவிட்டது போலிருந்தது.

"நீ இங்க வந்துட்டியா? அதான் இதுல ஆடமாட்டேங்கறியா?"

"இல்ல. இல்ல பாப்பா. அது நான் இல்ல."

"அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் திறக்கணும்னு அப்பா சொல்லியிருக்காரு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பாப்பா நாற்காலியிலிருந்து இறங்கினாள். திரையை விட்டுப் போனாள்.

நாற்காலி. மஞ்சள் சுவர். திறந்து கிடக்கும் இதழ்.

கூப்பிட யாரும் இல்லை. அவருடைய போன்தான் பாப்பாவின் முன்னால் இருந்தது. பக்கத்து வீட்டு எண் தெரியாது. ரயிலில் ஒரு நாள் தூரம்.

ஸ்டூலை இழுக்கிற சத்தம். பாப்பாவுக்குத் தாழ்ப்பாள் எட்டாது. ஏறுகிறாள். தாழ்ப்பாள் நகர்கிறது. கதவு.

பிறகு ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம், ஒன்றுமே இல்லை.

பாப்பா திரும்பி வந்தாள். நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. இரண்டு வருடமாக இந்தத் திரையில் அவள் பார்க்காத சிரிப்பு.

"அம்மா வந்துட்டா," என்றாள் திரையைப் பார்த்து.

பாப்பாவின் தோளில் ஒரு கை இருந்தது. மணிக்கட்டு வரைக்கும்தான் தெரிந்தது. மீதி திரைக்கு வெளியே.

நடுவிரலில் மை. புதிய மை, ஈரம் காயாதது.

கை மெல்ல மேலே ஏறியது. பாப்பாவின் காதுக்குக் கீழே விரல் நுனி படிந்தது. அங்கிருந்து தாடை வரை, தாடையிலிருந்து மறு காது வரை, பென்சில் கோட்டின்மேல் மை ஓட்டுகிற நிதானத்தோடு, முகத்தைச் சுற்றிக் கறுப்பாக ஒரு கோடு போட்டது. கூசியிருக்க வேண்டும். பாப்பா சிரித்தபடியே, கொஞ்சமும் அசையாமல் இருந்தாள்.