முதல் வெட்டு விழாத தோப்பு

நூறு வருடமாக யாரும் அரிவாள் வைக்காத தோப்பு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் உள்ளே நின்ற, அடியோடு வெட்டினாலும் மறுபடி துளிர்க்கும் ஹேசல் மரத் தண்டுகள் அத்தனையும் கட்டைவிரல் பருமன்தான், போன வருடம் வெட்டி இந்த வருடம் துளிர்த்தவை மாதிரி. அம்புரோஸ் டில்னிக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. இந்த ஹாம்ப்ஷயர்க்காரர்கள் வாயைத் திறந்தாலே பொய்.

மூன்று வாரமாக அவன் அரசரின் வனத்தை அளக்கிறான். முதலில் வெட்டியவர் பெயர்தான் தோப்புக்கு, அது இங்கத்து வழக்கம். வில்மோட் தோப்பு, விதவை ஆக்னஸ் தோப்பு, நொண்டி பீட்டர் தோப்பு எல்லாம் பட்டியலில் ஏறிவிட்டன. இது ஒன்றுதான் மிச்சம். பெயரில்லாத இடம் ஒன்று இருந்தாலும் பட்டியலைத் தொடமாட்டேன் என்று அதிகாரி கறாராகச் சொல்லிவிட்டார். நாளைக் காலைக்குள் கொடுக்காவிட்டால் வேலை போச்சு. வேலையோடு கிடைத்த வீடும் போச்சு. மனைவி ஹெஸ்டரையும் இரண்டு பிள்ளைகளையும் இந்தக் குளிரில் எங்கே கொண்டுபோய் வைப்பான்?

"ஏதாவது ஒரு பேரைச் சொல்லித் தொலையுமய்யா," என்றான்.

வனக்காவலர் கில்பர்ட் தோப்புக்குள் வராமல் எல்லைப் பள்ளத்துக்கு அந்தப் பக்கமே நின்றார்.

"வெட்டாத தோப்புக்கு ஏதுங்க பேரு?"

"அப்போ நீரே வந்து வெட்டும்."

"என் பொண்டாட்டி காதுல போட்டுடாதீங்க. என்னை எப்படா தொலைக்கலாம்னு இருக்கா, தூக்கிட்டு வந்து விட்டுட்டுப் போயிடுவா." சிரிக்காமல் சொன்னார்.

"நானே வெட்டுறேன். டில்னி தோப்புன்னு எழுதிக்கிறேன், போதுமா?"

"வேணாங்க. அங்கே வெட்டுறதுக்கு ஏற்கெனவே ஆள் இருக்கு."

"யாரு? அவன் பேரைத்தானே மூணு வாரமா கேட்டுக்கிட்டிருக்கேன்."

கில்பர்ட் தொப்பியைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டார். பிறகு திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

மரங்களின் உச்சியில் மாலை வெயில் இன்னும் இருந்தது, ஆனால் உள்ளே போகப் போக ஈர இலையும் காளானும் மக்கிய வாடை மூக்கை அடைத்தது, ஒரு குருவிச் சத்தம்கூட இல்லாமல் அவன் மூச்சே அவனுக்குப் பெரிதாகக் கேட்டது, தண்டுகளின் நிழல்கள் வெயிலுக்கு எதிர்ப்பக்கம் விழாமல் அவனை நோக்கியே விழுந்து கிடந்தன. எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று இடுப்பு அரிவாளை உருவி ஒரு தண்டைப் பிடித்து வெட்டினான். சடக்.

உள்ளேயிருந்து இன்னொரு சடக்.

எதிரொலி என்று நினைத்துக்கொண்டான். பட்டியலை விரித்து, ‘டில்னி தோப்பு’ என்று எழுதினான். அப்பாடா என்றிருந்தது. மை காயட்டும் என்று ஊதினான்.

சடக்.

அவன் அரிவாள் தரையில் கிடந்தது.

இடப்பக்கம் ஒரு தண்டு சாய்ந்தது. அதற்கு இந்தப் பக்கம் இன்னொன்று. ஆள் இல்லை. அடுத்த தண்டு. அதற்கடுத்தது. நேராக அவனை நோக்கி ஒரு வரிசை.

ஓடினான். எல்லைப் பள்ளத்துக்கு இன்னும் பத்தடி. எட்டடி.

சடக்.

வலிக்கவில்லை. முகம் மண்ணில் மோதியது. வேர் தடுக்கியிருக்கும். எழ முயன்றான். முடியவில்லை. திரும்பிப் பார்த்தான்.

அவனுடைய பூட்ஸ் இரண்டும் நின்ற இடத்திலேயே நின்றன. கால்களும் அவற்றுக்குள்தான் இருந்தன, முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை. மழைநீர் தேங்காதபடி சாய்த்து வெட்டிய, தேர்ந்த வெட்டு. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. வெட்டுவாயைச் சுற்றி வெளிறிய முளைகள் அப்போதே கிளம்பி மேலே எழும்பிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு முளையின் நுனியிலும் ஐந்து பிஞ்சு விரல்கள், நகத்தோடு.