போதும் என்று சொல்லும் வரை

அக்கா வீட்டுக்குப் போகும் பாதை ஏரிக்கரையில் வந்து முடியும். அதற்கு மேல் தண்ணீர்தான். மெக்கானிக் பிற்பகலில் போய் இறங்கியபோது அவள் வாசலிலேயே காத்திருந்தாள். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்காமல் விஷயத்துக்கு வந்தாள்.

"தினமும் மத்தியானம் படகை எடுத்துக்கிட்டு நடு ஏரிக்குப் போறாருடா உன் மாமா. அங்க போய் இன்ஜினை அணைச்சுடறாரு. அப்புறம் ஸ்டார்ட் ஆகலைன்னு இருட்டுற வரைக்கும் அங்கயே உட்கார்ந்திருக்காரு. நேத்து காத்து மதகுக்கிட்ட இழுத்துட்டுப் போயிடுச்சு."

"ஏனாம்?"

"சூடானா அடம் பிடிக்குதாம். சிரிச்சுக்கிட்டே சொல்றாரு. நீ அதை நல்லாக்கிக் குடுத்துட்டுப் போ. பிள்ளையை அந்தத் தண்ணிக்குக் குடுத்துட்டேன். இவரையும் குடுக்க எனக்குத் தெம்பில்ல."

போன மழைக்காலத்தில் அந்த மதகில்தான் அவளுடைய ஒரே மகள் பிணமாகக் கிடைத்தாள். வீட்டில் அவளைக் கட்டெறும்பு என்றுதான் கூப்பிடுவார்கள். உருவம் சின்னது, பிடித்தால் விடாத பிடி. அடக்கத்துக்கு வந்துவிட்டுப் போன தம்பி, அதன் பிறகு இன்றுதான் இந்த வாசலை மிதிக்கிறான். கூடத்தில் கட்டெறும்பின் செருப்பு இன்னும் சுவரோரம் கிடந்தது. அதைப் பார்க்காதவன் போலக் கருவிப் பையை எடுத்துக்கொண்டு படகுத்துறைக்கு இறங்கினான்.

"வாங்க டாக்டர்," என்றார் மாமா. "நோயாளி இங்க இருக்கு. பீஸு கிடையாது, முன்னாடியே சொல்லிட்டேன்."

"டாக்டருக்கு நோயாளி மேல சந்தேகம் இல்ல மாமா. கூட இருக்கறவர் மேலதான்."

மாமா சிரித்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. சிரிப்பு உதட்டோடு நின்றது.

மெக்கானிக் எதையும் வரிசையாகச் செய்கிறவன். கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினான். பெட்ரோலை அடைத்துத் திறக்கும் சின்ன ஊசியைப் புதிதாக மாற்றினான். டேங்கின் மூடியில் காற்றுத்துளை அடைத்திருக்கிறதா என்று ஊதிப் பார்த்தான். பிறகு இன்ஜினைக் கிளப்பும் கயிற்றை இழுத்தான். ஒரே இழுப்பில் கிளம்பியது. கை வைக்க முடியாத அளவு சூடேறும்வரை ஓடவிட்டு, அணைத்து, மறுபடி இழுத்தான்.

கிளம்பியது.

"கரையில ஒரு குறையும் இல்லையே."

"இங்க கிளம்பும்," என்றார் மாமா, தண்ணீரைப் பார்த்தபடி. "நடுவுல போய்ப் பாரு."

போனார்கள். வெயில் சாய்ந்து, ஏரி முழுக்க வெண்கலத் தகடு போலக் கிடந்தது. பாசி படர்ந்த ஓர் இடத்தில் மாமா இன்ஜினை அணைத்தார். சத்தம் நின்றதும் காதுக்குள் ஒரு கனம் இறங்கியது. பறவை இல்லை. அலை படகில் மோதும் சத்தம்கூட இல்லை.

மெக்கானிக் கயிற்றை இழுத்தான். இன்ஜின் ஒருமுறை இருமிவிட்டு அடங்கியது. இழுத்தான். இழுத்தான். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது.

பெட்ரோலைப் பற்றவைக்கும் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். காய்ந்திருந்தால் பட்டினி, சூட்டில் பெட்ரோல் ஆவியாகி மேலே ஏறவில்லை என்று பொருள். நனைந்திருந்தால் அஜீரணம், தேவைக்கு மேல் குடித்துவிட்டது.

பிளக்கிலிருந்து பெட்ரோல் சொட்டியது.

துடைத்து மாட்டி இழுத்தான். கழற்றிப் பார்த்தான். மறுபடியும் சொட்டியது. யார் ஊற்றுகிறார்கள்? டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் போகும் டியூபின் நடுவில் ஒரு ரப்பர் குமிழ் உண்டு. கையால் அமுக்கினால்தான் அவ்வளவு பெட்ரோல் ஏறும். முதல் தடவை கிளப்பும்போது அமுக்குவதோடு சரி. சூடான இன்ஜினுக்கு அதைத் தொடவே கூடாது. அவனும் தொடவில்லை. மாமா படகின் மறுமுனையில், கைகளைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

பிச்.

அவனுடைய முழங்காலுக்குப் பக்கத்தில்.

பிச். பிச்.

மெல்லக் குனிந்து பார்த்தான். ரப்பர் குமிழ் இருபக்கமும் ஒடுங்கியது. உப்பியது. மறுபடி ஒடுங்கியது. நான்கு சின்னப் பள்ளங்கள் ஒரு பக்கம், எதிர்ப்பக்கம் ஒன்று. பெட்ரோல் வாடையோடு, ஊறிய பாசியின் வாடையும் எழுந்தது.

டியூபைப் பிடுங்கக் கை நீட்டினான். மாமா பாய்ந்து வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"விடுடா. அவ வேலை செய்யறா."

"மாமா..."

"இது அவ வேலை. நான் கயித்தைப் பிடிப்பேன், அவ அமுக்குவா. நான் போதும்னு சொன்னாத்தான் நிறுத்தணும். கயித்தைப் பிடிக்கிறவன் சொல்லாம நிறுத்தக்கூடாது. அதான் எங்க முறை." அவர் குரல் கிசுகிசுப்பாக இறங்கியது. "அன்னிக்கு இன்ஜின் விசிறியில பாசி சுத்திக்கிச்சு. அமுக்கிக்கிட்டே இரு, இதோ அறுத்துட்டு வந்துடறேன்னு சொல்லிட்டுக் குதிச்சேன். காத்து படகை அவளோட மதகுப் பக்கம் இழுத்துடுச்சு. நீந்தினேன். கத்தினேன். வாயெல்லாம் தண்ணி. அவ காதுல போதும்னு ஒரு சொல் விழலடா."

பிச். பிச். பிச்.

படகு நகர்ந்துகொண்டிருப்பதை மெக்கானிக் அப்போதுதான் கவனித்தான். கரை மரங்கள் இடம் மாறியிருந்தன. எங்கோ மதகில் தண்ணீர் விழும் இரைச்சல், பசித்த வயிறு போல உறுமியது.

"சொல்லிடுங்க மாமா."

"சொன்னா போயிடுவாளே."

"அக்கா கரையில இருக்கா மாமா."

மெக்கானிக் தானே குனிந்து, "போதும்மா," என்றான்.

குமிழ் ஒரு கணம் நின்றது.

பிறகு இன்னும் வேகமாக அமுங்கத் தொடங்கியது, அப்பா குரல் கேட்காமல் பயந்துபோன பிள்ளை செய்வதைப் போல. இரைச்சல் பெரிதாகிக்கொண்டே வந்தது. அந்தச் சின்ன விரல் பள்ளங்களைப் பார்க்கப் பார்க்க அவனுக்குத் தன் பயம் மறந்துபோனது.

"மாமா," என்றான். "இத்தனை மாசமா அமுக்கறாளே. பிள்ளைக்குக் கை வலிக்காதா?"

மாமாவின் முகம் மண்சுவர் சரிவதைப் போலச் சரிந்தது. மெக்கானிக் பிளக்கைத் துடைத்து மாட்டி, கயிற்றின் நுனியை அவர் கையில் வைத்தான்.

"போதும்டா கட்டெறும்பு," என்றார் மாமா. "அப்பா பாத்துக்கறேன். நீ போய்ப் படு."

குமிழ் உப்பியது. அப்படியே நின்றது.

ஒரே இழுப்பில் இன்ஜின் கிளம்பியது.

மதகை விட்டு விலகி நடு ஏரிக்கு வந்ததும் மாமா இன்ஜினை அணைத்தார். மெக்கானிக் தடுக்கவில்லை. அவர் காத்திருந்தார், குமிழையே பார்த்திருந்தார், கயிற்றை இழுத்தார். உடனே கிளம்பியது. மறுபடி அணைத்து இழுத்தார். கிளம்பியது. அடுத்த தடவையும், அதற்கடுத்த தடவையும் அது ஒரு குறையும் இல்லாமல் கிளம்பியது. ஒவ்வொரு தடவையும் அவருடைய தோள் கொஞ்சம் கொஞ்சமாகத் தொய்ந்தது. தன் வாழ்நாளில் ஓர் இன்ஜின் சரியாக ஓடுவதைக் கேட்டு மெக்கானிக் அழுதது அன்றைக்குத்தான்.

துறையில் அக்கா இல்லை. நின்று பார்த்துக்கொண்டிருப்பாள் என்று இருவருமே நினைத்திருந்தார்கள்.

வீட்டுக் கதவு அகலத் திறந்து கிடந்தது. விளக்கு ஏற்றவில்லை. வாசலிலிருந்து கூடம்வரை தரை ஈரமாக இருந்தது.

"அக்கா," என்று கூப்பிட்டான்.

"உஸ்." அவள் சுவரில் சாய்ந்து, காலை நீட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியிலிருந்து முழங்கால்வரை துணி தொப்பலாக நனைந்து தண்ணீர் வழிந்தது. கூடம் முழுக்கப் பாசி வாடை. பிற்பகலில் அவன் வந்தபோது இல்லாத ஓர் அமைதி அவள் முகத்தில்.

"மெதுவாப் பேசுங்க ரெண்டு பேரும்," என்றாள். "கை வலிக்குதுன்னு அழுதுக்கிட்டே வந்தா. இப்பத்தான் கண்ணசந்தா."

மாமா சுவரைப் பிடித்தபடி அப்படியே மண்டியிட்டார்.

அக்கா தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் கை மடியில் படவில்லை. ஒரு சாண் உயரத்திலேயே, எதன் மீதோ மெத்தென்று பட்டுப் பட்டு நின்றது.