ஜப்பான்காரனுக்கு வழி காட்டிய படம்

உலக யுத்த சமயம். மெட்ராஸில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. பட்டணத்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு கிளம்பினார்கள். அப்படித்தான் ஓவியர் தாட்சாயிணி அம்மாளும் பூந்தமல்லி பக்கத்துக் கரையான்சாவடிக்கு வந்து, சொர்ணத்தின் பக்கத்து வீட்டில் குடியேறினார்.

சொர்ணத்துக்கு வயது ஒன்பது. எதைப் பார்த்தாலும் அது என்ன, ஏன் என்று குடைந்தெடுத்துவிடுவாள். அவளுக்கே புரியாத ஆள் இந்த அம்மாள்தான். முன்பெல்லாம் ஜமீன்தார்களை மீசையோடு அச்சு அசலாக வரைந்து பேர் வாங்கியவராம். இப்போதோ மூக்கும் இல்லை, முழியும் இல்லை. வெறும் வட்டம், சதுரம், வண்ணம்!

ஒரு நாள் கதவு அகலத்துக்கு ஒரு படம் வரைந்து, மொட்டை மாடியில் காயப் போட்டார். வந்தது வினை. ஆவடிப் பக்கம் பட்டாளத்து முகாம் இருக்கிறது. வானத்தைப் பார்த்து வட்டமும் சதுரமுமாக விரித்து வைத்தால் ஊர் சும்மா இருக்குமா? எதிரி விமானத்துக்கு வழி காட்டுகிறார் என்று கிசுகிசுத்து, போலீஸ் ஏட்டு வேம்புலியை மாடிக்கே கூட்டி வந்துவிட்டார்கள்.

"இத்தைக் கொளுத்தணும்மா. வேற வழி இல்லே," என்றார் ஏட்டு.

தாட்சாயிணி அம்மாள் படத்தை மறைத்துக்கொண்டு நின்றார். பம்பாய்க் கண்காட்சிக்குப் போகவேண்டிய படம், மாதக் கணக்கில் உழைத்தது என்று கெஞ்சினார். சொர்ணம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். நேரே ஏட்டின் முன்னால் போய் நின்றாள்.

"இதுல இன்னா சேதி கீது, ஏட்டையா?"

மஞ்சள் வட்டம்தான் ஆவடி முகாம் என்றார் அவர். இல்லை, அது பூந்தமல்லிக் கோயில் குளம் என்றாள் எதிர்வீட்டு நாகம்மாள். செம்பரம்பாக்கம் ஏரியேதான் என்று சத்தியம் செய்தார் வண்டிக்காரர் துலுக்கானம். ஏரி மஞ்சளாகவா இருக்கும் என்று நாகம்மாள் மடக்க, அவர் எகிற, பேச்சு சண்டையாகிவிட்டது.

"உங்க மூணு பேருக்கே ஒத்துப்போகலியே," என்றாள் சொர்ணம். "பாவம், அந்த ஜப்பான்காரன் இன்னா பண்ணுவான்? எங்கே குண்டு போடறதுன்னு தெரியாம ஊட்டுக்கே திரும்பிப் போயிடுவான்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஏட்டும் சிரிப்பை அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. இனிமேல் வீட்டுக்குள்ளேயே காயப் போடச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

எல்லோரும் போன பிறகு தாட்சாயிணி அம்மாள் மெல்லக் கேட்டார். "உனக்கு என்ன தெரியுது, சொர்ணம்?"

அவள் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தாள்.

"மஞ்சள் தெரியுது. பக்கத்துல சிவப்பு குந்திகினு கீது. அத்தால மஞ்சள் இன்னும் பளிச்சுனு கீது. வேற ஒண்ணும் தெரியலியேம்மா."

தாட்சாயிணி அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவளை இழுத்து அணைத்துக்கொண்டார்.

"நான் வரைஞ்சதும் அவ்வளவுதாண்டி!"