காலி அறைக்கு நானூறு

ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை மாலை அந்தக் கட்டடத்துக்குள் இருந்தவர்கள் மூன்று பேர். கட்டடத்தைச் சோதித்துக் கையெழுத்துப் போட வந்த பொறியாளர் அனுசுயா. கருவிகளுக்கெல்லாம் வயர் இழுத்த டெக்னீசியன் ஈஸ்வரபாண்டி. ஏழு மணிக்கு மாடி மாடியாகப் பூட்டிக்கொண்டு வரும் வாட்ச்மேன் சங்கிலி. வேறு யாரும் இல்லை.

அல்லிநகரத்தில் மெயின் ரோட்டை ஒட்டி நின்றது அந்த மூன்று மாடி. அதில் ஒரு ஜன்னலும் திறக்காது. கரண்ட் மிச்சமாக வேண்டும் என்பதற்காக, உள்ளே எத்தனை பேர் மூச்சு விடுகிறார்களோ அந்த அளவுக்கு மட்டும் வெளிக்காற்றை விடும்படி அனுசுயாதான் வடிவமைத்திருந்தாள். மூச்சில் வரும் கரியமில வாயுவைச் சுவரில் மாட்டிய சென்சார் அளக்கும். வெளிக்காற்றில் பத்து லட்சம் பங்குக்கு நானூறு சொச்சம் இருக்கும். ஆள் கூடக்கூட எண் ஏறும். அவள் கையெழுத்துப் போட்டால் நாளைக் காலை நாற்பது பேர் இங்கே வேலைக்கு உட்காருவார்கள்.

மூன்றாம் மாடி மீட்டிங் அறை பெயிண்ட் அடித்துப் பன்னிரண்டு நாளாகப் பூட்டிக் கிடந்தது. கதவைத் திறந்ததும் பெயிண்ட் வாடை வரவில்லை. ராத்திரி முழுக்க ஓடிய சென்னை பஸ்ஸுக்குள் விடியும்போது இருக்குமே, வாயும் தலை எண்ணெயும் வெற்றிலையும் ஊறிப்போன வெதுவெதுப்பான தூக்க வாடை, அது வந்து அவள் முகத்தில் படிந்தது. கண்ணாடிச் சுவரின் உள்பக்கம் ஆவி படர்ந்து, சொட்டுச் சொட்டாகத் திரண்டு, புதுத் தரையை நோக்கி மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது.

சுவர் சென்சார் நானூறு காட்டியது. அவள் கையிலிருந்த மீட்டர் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் காட்டியது.

"ஒங்க மீட்டருக்கு வயசாயிருச்சு மேடம்," என்றார் ஈஸ்வரபாண்டி. "வீட்ல விட்டுட்டு வாங்க, பேரம் பேத்தியப் பாத்துக்கிரும்."

அவள் மீட்டரை மாடிப்படிக்கு எடுத்துப் போனாள். நானூற்றுப் பத்து. திரும்ப அறைக்குள். இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம்.

மீட்டர் சரியாகத்தான் இருந்தது. சென்சாரும் கெட்டுப்போகவில்லை. அந்த வகைச் சென்சார் எட்டு நாளில் தான் பார்த்த மிகக் குறைந்த அளவை எடுத்து, அதுதான் வெளிக்காற்று, அதுதான் நானூறு என்று தன்னைத் திருத்திக்கொள்ளும். எந்தக் கட்டடமும் ராத்திரியாவது காலியாக இருக்கும் என்ற நம்பிக்கையில் எல்லாரும் அதை அப்படியே விட்டுவிடுவார்கள். அவளும் விட்டிருந்தாள். இந்தக் காற்றை இது நானூறு என்கிறது என்றால், எட்டு நாளில் இந்த அறை ஒரு நிமிடம்கூடக் காலியாக இருந்ததில்லை.

சொன்னபோது ஈஸ்வரபாண்டி சிரித்தார். "அப்ப நமக்கு முன்னாடியே யாரோ பால் காய்ச்சிக் குடி வந்துட்டாக."

அறையை வெளிக்காற்றால் கழுவிவிட்டு, சென்சாரின் பட்டனை அழுத்தி, எது நானூறு என்று அதற்குப் புதிதாகக் காட்ட வேண்டும். பட்டன் அறையில். காற்றைத் திறக்கும் ஸ்கிரீன் தரைத்தளத்துப் பேனல் ரூமில். மீட்டரை அவரிடம் கொடுத்துவிட்டு அவள் இறங்கினாள். கழுவி முடிக்கும்வரை கதவு மூடியிருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினாள்.

"தெறந்துட்டேன்ணே," என்றாள் போனில். "காத்து வருதா?"

"வருது மேடம். காத்து வர்ற கிரில்லுல ரிப்பன் கட்டியிருக்கேன், நல்லா பறக்குது." கொஞ்சம் நிறுத்தினார். "சூடா வருது."

வெளியே சாரல் காற்று. வாசல் தகரம் அந்தக் குளிர்காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது.

"எவ்வளவு காட்டுது?"

"மூவாயிரத்து நூறு."

இறங்க வேண்டிய எண் ஏறியிருந்தது.

"மேடம், ரிப்பன இப்ப உள்ள இழுக்குது. திரும்பத் தள்ளுது. இழுக்குது."

காற்றைத் தள்ளும் ஃபேன் ஒரு பக்கம்தான் சுற்றும். ஸ்கிரீனில் அதன் வேகம் ஒரே சீராக இருந்தது.

"வெளிய வாங்கண்ணே."

"நாலாயிரத்து எரநூறு. தூக்கமா வருது மேடம். இங்கன இதமாத்தான் இருக்கு."

"கதவத் தெறந்து வெளிய வாங்கண்ணே."

போனில் மூச்சு மட்டும் கேட்டது. அவருடையது மட்டும் இல்லை. ஒரு கூட்டமே ஒன்றாக இழுத்து, ஒன்றாக விட்டது.

ஃபேனை நிறுத்தினாள். ஸ்கிரீனில் பூஜ்யம். போனில் அந்தச் சத்தம் நிற்கவில்லை.

படியில் ஓடினாள். கதவு ஒரு தள்ளலில் திறந்தது. பாதி திறந்தபடி விட்டுவிட்டு உள்ளே போனாள்.

ஈஸ்வரபாண்டி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது. அவளைப் பார்த்தது. ரிப்பன் உள்ளே போனபோது அவர் நெஞ்சு ஏறியது. வெளியே வந்தபோது இறங்கியது.

பக்கத்தில் குத்துக்காலிட்டு அவர் அக்குளில் கை கொடுத்தாள். அவரைத் தூக்குவதற்கு மூச்சைப் பிடிக்க வேண்டும்.

மூச்சு வரவில்லை.

ரிப்பன் உள்ளே போனது. அவள் நெஞ்சு தானாக ஏறியது. நின்றது. இறங்கியது. அவள் இழுக்கவில்லை. அவள் விடவில்லை. கை அவர் அக்குளிலேயே இருந்தது. அதை எடுக்க முடியவில்லை. விரல்கூட.

விளக்கு அணைந்தது. ஐந்து நிமிடம் அசைவு இல்லையென்றால் ஆள் இல்லை என்று அது தானாக அணைந்துவிடும். அந்தக் கணக்கை வைத்ததும் அவள்தான்.

இருட்டில் அவளைச் சுற்றி எல்லாரும் மூச்சு விட்டார்கள். பிடரியில் ஒன்று. காதோரம் ஒன்று. முழங்கால் உயரத்தில் ஒன்று, சின்னதாக.

படியில் செருப்புச் சத்தம். நடைபாதையில் சங்கிலிக்காக விளக்கு எரிந்தது. போனைத் தோளில் இடுக்கியபடி வந்தார். ஆவி படர்ந்த கண்ணாடி வழியாகப் பார்த்தார். அவள் இருந்த பக்கம்தான் பார்த்தார்.

"லைட்டு அணைஞ்சு கெடக்கு ஆத்தா. ரெண்டு பேரும் கெளம்பிட்டாக போல," என்றார் போனில், மகளிடம். "பூட்டிட்டு வந்துர்றேன், சோத்தப் போட்டு வையி."

அவள் வாய் திறந்துதான் இருந்தது. கத்த ஒரு மூச்சு போதும். அந்த நேரம் அது உள்ளே போய்க்கொண்டிருந்தது.

சங்கிலி கதவை இழுத்துச் சாத்தினார். சாவி இரண்டு சுற்றுச் சுற்றியது.