நூற்றுக்குப் பத்து

ஏலக் கூடத்தில் அன்று இருந்தவர்கள்: ஏலக்காரர் குமாரசாமி, வாலாஜாபாத் அரிசி மில் முனிரத்தினம், பழம்பொருள் வியாபாரி என்று சொல்லிக்கொண்ட சிட்டிபாபு, செவிலிமேட்டு ஆசிரியை சம்பூர்ணம்.

நவாப் காலத்து வெள்ளி நாணயங்கள் சம்பூர்ணத்துக்குத்தான் விழுந்தன. மறுநாள் காலை அவள் துப்பறிவாளர் கண்ணாயிரத்தின் எதிரே அழாத குறையாக உட்கார்ந்திருந்தாள்.

“கையில முன்னூத்தி முப்பதுதான் சார். அந்த சிட்டிபாபு முன்னூத்தி எம்பது வரைக்கும் ஏத்திக்கினே வந்தான். ரோஷத்துல முன்னூத்தித் தொண்ணூறுன்னுட்டேன். கமிஷன் நூத்துக்குப் பத்து. நானூத்தி இருபத்தொம்பது ஆவுது. சாயந்திரத்துக்குள்ள கட்டலேன்னா நாணயம் போச்சு. எட்டு வருஷமா தேடினதுங்க.”

“சிட்டிபாபு வாயைத் தொறக்கறதுக்கு முன்னால போட்டி யாரு?”

“மில்லுக்காரர். ஒவ்வொரு தடவையும் விரல் மடக்கி முணுமுணுத்துட்டுத்தான் கேட்டாரு. இருநூத்தி எம்பதோட விட்டுட்டாரு. நான் தொண்ணூறுன்னேன். அப்புறம்தான் இவன் வந்தான். யோசிக்கவே இல்ல சார், நான் முடிக்கறதுக்குள்ள அடுத்த விலை.”

உதவியாளர் வடிவுக்குப் பொறுக்கவில்லை. “மில்லுக்காரர்தான் சார் ஆள் வெச்சிருப்பாரு!”

“விலை ஏறினா அவருக்கு இன்னாம்மா லாபம்?” கண்ணாயிரம் செருப்பை மாட்டினார். வடிவும் சம்பூர்ணமும் பின்னால் நடந்தார்கள்.

கூடத்தில் முனிரத்தினம் தாம் எடுத்த சுவர்க் கடிகாரத்துக்குப் பணம் கட்ட நின்றிருந்தார். சிட்டிபாபு குமாரசாமியின் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

“சிட்டிபாபு, முன்னூத்தி எம்பதுல உனக்கே விழுந்திருந்தா எவ்ளோ கட்டியிருப்பே?” என்று கேட்டார் கண்ணாயிரம்.

“இது இன்னாபா கேள்வி? முன்னூத்தி எம்பதுதான்.”

“நீங்க?” என்று முனிரத்தினத்திடம் திரும்பினார்.

“நானூத்திப் பதினெட்டு,” என்றார் முனிரத்தினம், இமைக்காமல்.

வடிவுக்குச் சுரீரென்று உறைத்தது. கண்ணாயிரம் ஏலக்காரர் பக்கம் திரும்பினார்.

“கட்டப் போறவன் கமிஷனைக் கூட்டிப் பார்த்துட்டுத்தான் விலை சொல்லுவான். விரல் மடங்கினது அதுக்குத்தான். கமிஷன் ஞாபகமே வராதவன் ஒரு நாளும் கட்டினதில்ல. விலை ஏறினா கமிஷனும் ஏறும். அது யாருக்குப் போவுது குமாரசாமி?”

குமாரசாமி மேஜை மேலிருந்த கணக்கு நோட்டை மூடப் போனார்.

“அப்பவே வேணாம்னு சொன்னேனே அண்ணே!” என்று உளறினான் சிட்டிபாபு.

“அவன் கேட்டதெல்லாம் தள்ளுபடி,” என்றார் கண்ணாயிரம். “ அம்மா கேட்ட இருநூத்தித் தொண்ணூறுதான் விலை. கமிஷன் இருபத்தொம்பது.”

“முன்னூத்திப் பத்தொம்பது!” வடிவு கத்தினாள்.

குமாரசாமி நாணயப் பெட்டியை அவள் பக்கம் தள்ளினார். சம்பூர்ணம் பணத்தை வைத்துவிட்டு அதை எடுத்துக்கொண்டு சிரித்தாள். “பஸ்ஸுக்குப் போக டிபனுக்கும் இருக்குது சார்.”

மூவரும் படி இறங்கினார்கள். முனிரத்தினம் வரவில்லை.

“என் கடிகாரத்துக்கும் ஏத்தினவன் இவன்தானே?” என்று கேட்டபடி அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே திரும்பினார். அவர் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.