மப்ரூக்கா யாரைக் கூப்பிட்டாள்

முற்றத்தில் கேட்டது செருப்புச் சத்தம் அல்ல, பூட்ஸ் சத்தம். அடிவாரத்துப் பள்ளிவாசலின் அந்தி நேர மக்ரிப் பாங்கு காற்றில் தேய்ந்து அடங்கியதும், ஆணி அடித்த கனமான காலடிகள் கருங்கல்லில் படுவதுபோல நடந்து வரும். மப்ரூக்கா வீட்டு முற்றமோ வெறும் மண். ஆலிவ் சக்கையின் புளித்த வாடைக்கு நடுவே நனைந்த கம்பளியின் வீச்சம் எழும். நாய் குரைக்காது, வாலை ஒடுக்கிக்கொண்டு வண்டிக்கடியில் புகுந்துவிடும். காலடிகள் கதவுவரை வந்து நிற்கும். திறந்தால் யாரும் இருக்கமாட்டார்கள்.

மகன் ரவூஃப் செத்த பிறகுதான் இது ஆரம்பித்தது. அதனால் அவளுக்குப் பயத்தைவிட ஆசைதான் அதிகம். வெள்ளிக்கிழமை தோறும் அவன் கபருக்குப் போவாள். தலைமாட்டுக் குழியில் பறவைகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, "வீட்டுக்கு வாடா கண்ணா, உன் தட்டு அப்படியே இருக்கு" என்று கூப்பிடுவாள். பெற்றவள் கூப்பிட்டால் பிள்ளை வராமல் இருப்பானா? ஆனால் ரவூஃப் ஆயுளில் பூட்ஸ் போட்டவன் இல்லை. ஆடு மேய்க்கிறவனுக்கு ரப்பர் செருப்பே அதிகம் என்று சிரிப்பான். அந்த ஒன்றுதான் அவளுக்கு இடித்தது.

வீட்டுக்குப் பின்னால் உள்ள குன்று அவர்களுக்குச் சொந்தம். இரண்டாவது பெரிய யுத்தத்தில் இங்கிலாந்துக்காரனும் ஜெர்மன்காரனும் அதற்காக அடித்துக்கொண்டு செத்தார்கள். நிலத்துக்காரனை ஒருவனும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது அவர்களுடைய பிள்ளைகள் வந்து, கதவைத் தட்டி, மேலே போய்ப் பார்க்கலாமா என்று மரியாதையாகக் கேட்கிறார்கள். போன ஆலிவ் பறிப்பின்போது பழைய பதுங்குகுழியில் விழுந்த ஆட்டுக்குட்டியைத் தூக்க இறங்கிய ரவூஃபின் காலடியில், அந்த யுத்தத்தின் குண்டு ஒன்று வெடித்தது. அதற்குப் பிறகுதான் ராணுவம் வந்து குன்றைச் சலித்துவிட்டுப் போனது. கெட்ட பிறகு வருகிற புத்திக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

அன்று வந்தவள் ஹிலரி என்ற நரைத்த இங்கிலாந்துக்காரி. அவள் கைக்குழந்தையாக இருந்தபோது அப்பா இந்தக் குன்றில் காணாமல் போனாராம். உடல் கிடைக்கவே இல்லை. தலைநகர் துனிஸிலிருந்து அவளைக் கூட்டிவந்த டிரைவர் ஹம்மாதிதான் அவள் பேச்சை மொழிபெயர்த்துச் சொன்னான்.

"தாஹர் மாமா, வெள்ளைக்காரங்களுக்கு உங்க குன்றுமேல இருக்கிற ஆசை, எங்க மாப்பிள்ளைக்கு எங்க தங்கச்சிமேல கூட கிடையாது" என்றான்.

மப்ரூக்காவின் கணவன் தாஹர் சிரிக்கவில்லை.

"எலும்பு ஏதாவது கிடைச்சுதான்னு இந்தம்மா கேக்கறாங்க."

"இல்ல" என்றான் தாஹர்.

பொய் சொன்னால் அவனுக்குக் காது சிவந்துவிடும். மப்ரூக்கா பார்த்துவிட்டாள். ஹம்மாதியும் ஹிலரியும் குன்றேறிப் போகும்வரை வாயை மூடிக்கொண்டிருந்தாள். பிறகு மண் அடுப்பில் ரொட்டி தட்டிக்கொண்டே கேட்டாள்.

"ஏ மனுஷா, என்ன மறைக்கிற?"

"ஒண்ணுமில்ல."

"உன் காதைக் கேட்டா அது சொல்லும்."

அவன் அடுப்பருகே குந்தினான்.

"பொழுது சாயறதுக்குள்ள அடக்கணும்னு எல்லாரும் அவசரப்படுத்தினாங்க, மப்ரூக்கா. அவன் விழுந்த அந்தக் குழியில பழைய எலும்பும் கிடந்துச்சு. பூட்ஸோட. இருட்டிக்கிட்டு வந்துச்சு. கையில பட்டதையெல்லாம் அள்ளி வெள்ளைத் துணியில கட்டினேன்."

"என் புள்ளையும் அதுல இருந்தான்ல?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அவனோடதுன்னு சொல்ல எதுவும் மிஞ்சல. காலியான துணியோட எப்படிம்மா உன் முன்னால வருவேன்?"

ரொட்டி கருகும் வாடை வந்தது. அவள் எடுக்கவில்லை. மய்யித்து ஊர்வலத்தின் பின்னால் பெண்கள் போவதில்லை. அவள் அந்தத் துணியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இத்தனை வெள்ளிக்கிழமையும் யாரோ ஒருவனிடம் அழுதிருக்கிறாள். யாரோ ஒருவனைக் கண்ணா என்று கூப்பிட்டிருக்கிறாள். அவனும் வந்துகொண்டுதான் இருக்கிறான். பெற்ற பிள்ளையோ பின்னால் குன்றில், பனியிலும் மழையிலும், கூப்பிட ஒரு நாதி இல்லாமல் கிடந்திருக்கிறான். நாளைக்கு விடியட்டும், முழங்காலால் நடந்தாவது மேலே போய் அவனைக் கூப்பிட்டுக்கொண்டு வந்துவிட வேண்டும்.

பாங்கு சொல்லும் நேரத்துக்கு அவர்கள் இறங்கி வந்தார்கள். ஹம்மாதி தண்ணீர் வாங்கிக் குடித்தான்.

"பாவம் மாமி அந்தம்மா. அந்தப் பதுங்குகுழிப் பக்கத்துல நின்னு ஒரே அழுகை. 'எந்திரிச்சு என்கூட வந்துடுங்க, வீட்டுக்குப் போகலாம்'னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க."

மப்ரூக்கா ஹிலரியின் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கே ஒருவன் நின்றான். அவள் பின்னிக் கொடுத்த நீல ஸ்வெட்டர். ரப்பர் செருப்பு. தலை தொங்கியிருந்தது. முதல்முறையாகப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைபோல ஹிலரியின் சட்டை நுனியைப் பிடித்திருந்தான்.

"என்ன மாமி, அப்படி வெறிச்சுப் பாக்கறீங்க? அங்க யாருமில்லையே?"

ஹிலரி அவளைக் கட்டிப்பிடித்தாள், கன்னத்தோடு கன்னம் வைத்தாள், ஏதோ நன்றி சொன்னாள். அந்தத் தோளுக்கு மேலே மகனின் முகம். அருகில். கண்கள் அவளைப் பார்த்தன. அடையாளம் தெரியவில்லை அவனுக்கு.

கார்க் கதவு திறந்தது. ஹிலரி பின்சீட்டில் ஏறினாள். அவனும் ஏறினான்.

கதவு மூடியது.

பாங்கு முடிந்தது. கார் நகர்ந்தது. கால்கள் அப்போதுதான் அவளுக்குத் திரும்பக் கிடைத்தன. ஓடினாள். புழுதி. சிவப்பு விளக்கு. பின்கண்ணாடியில் இரண்டு தலைகள்.

"ரவூஃப். டேய், ரவூஃப். அம்மாடா."

அவன் திரும்பவில்லை. கார் ஆலிவ் மரங்களுக்குள் மறைந்தது.

மறுபடியும் கூப்பிட்டாள். தொண்டை கிழியக் கூப்பிட்டாள்.

அவளுக்குப் பின்னால், வீட்டுக்குள்ளிருந்து, அவள் பேச்சுக்குப் பழகாத நாக்கு ஒன்று மெல்ல, எழுத்துக் கூட்டிப் பதில் சொன்னது.

"வந்… துட்டேன்… யம்மா."