தலையணை மறிப்பு

தலையணைகள் நான்கு விரற்கடை முன்னுக்கு வந்திருந்தன.

மாக்கிறட் குனிந்து பார்த்தாள். காலையில் அவற்றைப் பின்னறை வாசலோடு ஒட்டித்தான் அடுக்கியிருந்தாள். இப்போது வாசலுக்கும் தலையணைகளுக்கும் இடையில் சிவப்புச் சீமெந்து நிலம் ஒரு கீற்றாகத் தெரிந்தது. நாய் பிறவுணி தள்ளியிருக்க முடியாது. அது ஹோல் பக்கத்தில் படுத்திருந்தது. அது தள்ளியிருந்தால் தலையணைகள் அறைக்குள் அல்லவா போயிருக்கும்?

போன கிழமை மோட்டார் சைக்கிள் ஒன்று மோதி நாயின் பின்னங்கால் முறிந்திருந்தது. காலில் மாவுக்கட்டோடு அது பின்னறையில் குவிந்துகிடந்த பழைய வலைகளின் மேல் ஏறிப் படுக்கப் பார்த்தது. மிருக வைத்தியர் ஜெயனி வீட்டுக்கே வந்து, இதே ஹோலில் நின்று சொன்னாள்: “கட்டி வைக்காதேங்கோ அக்கா, கூட்டுக்குள்ளயும் போடாதேங்கோ. மெத்தையான சாமானுகளால மறிச்சு விடுங்கோ. அங்கால என்ன இருக்கெண்டு அதுக்குத் தெரியோணும். ஒரு பக்கம் கொஞ்சம் திறந்தும் இருக்கோணும். தன்னை அடைச்சு வைச்சிருக்கிறாங்கள் எண்டு அது நினைக்கக் கூடாது.”

கடற்கரைக் கிராமமான தாழ்வுபாட்டில் சோளகக் காற்று மூன்று நாளாக விடாமல் அடித்தது. ஓட்டு இடுக்குகளால் மணல் சொரிகிற சத்தமும், கடற்கரையில் காயும் கருவாட்டின் மணமும், யாருடையதோ வேலித்தகரம் நின்று நின்று அடிபடும் ஓசையும் சாத்திய யன்னல்களைத் தாண்டி உள்ளே வந்தபடி இருந்தன. பின்னேரம் ஐந்து மணிக்கே புழுதியால் வீடு மங்கிப்போயிருந்தது. அவள் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. கணவன் கொலின்ஸ் முசலிப் பக்கம் மீன்வாடிக்குப் போய்ப் பத்து நாள். வீட்டில் அவளும் நாயும்தான்.

அவள் தலையணைகளைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிட்டுக் கொலின்ஸுக்குப் போன் எடுத்தாள்.

“காத்துத்தான் மாக்கிறட்,” என்றான் அவன்.

“பின்னறைக்கு யன்னலே இல்லையேப்பா.”

“அப்ப எலி. பயமெண்டால் அக்கா வீட்ட போய் இரன்.”

“நாயை விட்டிட்டு எப்பிடிப் போறது?”

இணைப்பு இரைந்து அறுந்தது. குசினிக்குள் போய்ப் போனைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்றினாள். சீனி போட்டுக் கலக்கும்போது, ஹோலில் பஞ்சு நிலத்தில் உரசுகிற சத்தம் கேட்டது. மெதுவாக. விட்டுவிட்டு. யாரோ நித்திரை கொள்பவர்களை எழுப்பிவிடக் கூடாதென்று கவனமாக இழுப்பதைப் போல.

கோப்பையோடு திரும்பி வந்தபோது தலையணைகள் ஹோலின் நடுவில் இருந்தன. சிதறிக் கிடக்கவில்லை. நேராக, விளிம்போடு விளிம்பு சேர்த்து அடுக்கியிருந்தன. இடது பக்கத்தில் மட்டும் ஓர் ஆள் நுழையுமளவு இடைவெளி.

ஒரு பக்கம் கொஞ்சம் திறந்தும் இருக்கோணும். அந்தச் சொற்களைத் தன்னோடு சேர்ந்து வேறு யாரோ கேட்டிருக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

“பிறவுணி, இஞ்ச வா.”

நாய் எழுந்தது. அவளிடம் வரவில்லை. கட்டுப்போட்ட காலை இழுத்துக்கொண்டு அந்த இடைவெளியால் பின்னறைக்குப் போனது. உறுமவில்லை, குரைக்கவில்லை. இருட்டுக்குள் அதன் வால் வலைக்குவியலில் பட்டுப் பட்டு அடித்தது. வீட்டு ஆட்களைக் கண்டால் மட்டும் அப்படி அடிக்கும். கொஞ்சநேரத்தில் திரும்பிவந்து, தலை ஈரமாக, நிம்மதியாகப் படுத்துக்கொண்டது.

அப்போதுதான் காற்று நின்றது.

மூன்று நாள் இரைச்சல் ஒரேயடியாக அடங்க, காதுக்குள் அடைத்ததுபோல இருந்தது. தகரம் ஓய்ந்தது. மணல் ஓய்ந்தது. இனிக் காற்றின்மேல் பழி போட முடியாது. அந்த அமைதியில் குசினிப் பக்கம் துணி விரிபடும் சத்தம்.

அவள் திரும்பினாள். குசினி வாசலில் அவளுடைய படுக்கை விரிப்பு தொங்கியது. இரண்டு மூலையும் ஆணிகளில் ஒழுங்காக முடிச்சிட்டிருந்தன. மேல்விளிம்பு அவள் நெஞ்சுக்கு நேரே நின்றது. அதற்கு மேலால் மேசையும் போனும் நன்றாகத் தெரிந்தன.

நாயை மறிக்க முழங்காலளவு போதும்.

இவ்வளவு உயரம் நாய்க்குத் தேவையில்லை.

கோப்பை விழுந்து உடைந்தது. முன்வாசலுக்கு ஓடினாள். கதவை மறைத்துக்கொண்டு அவளுடைய மெத்தை நிமிர்ந்து நின்றது. இரண்டு கையாலும் தள்ளினாள். மெத்தை அமிழ்ந்தது. அமிழ்ந்த இடத்தில், பஞ்சுக்கு அந்தப்பக்கத்திலிருந்து, ஒரு பாரம் திருப்பி அழுத்தியது. முரட்டுத்தனமாக அல்ல. பொறுமையாக. அவள் திமிரத் திமிர அவளைப் பின்னுக்கு, பின்னுக்கு, பாயின் ஓரம் வரைக்கும் கொண்டுவந்து விட்டது.

பாய்? பாயை அவள் விரிக்கவில்லை.

“ஆர்?” என்றாள். “ஆரது? என்ன வேணும் உங்களுக்கு?”

மேசையில் போன் அடித்தது. திரையில் கொலின்ஸின் பெயர் ஒளிர்ந்தது. விரிப்பை நோக்கிப் பாய்ந்து அதற்கு மேலால் கையை எறிந்தாள். துணி அவள் வயிற்றில் மெல்லப் புடைத்து, மெல்லத் தள்ளியது. இன்னும் ஒரு சாண். எட்டவில்லை. போன் அடித்து ஓய்ந்தது. தேவாலயத்தில் ஆறு மணி மணியோசை கேட்டது. வாய்க்குள் செபம் வந்தது. பாதியில் சொற்கள் மறந்தன.

கூப்பிட்டால் அயலுக்குக் கேட்கும். வாயைத் திறந்தாள். உடனே பின்னறையிலிருந்து ஒரு சத்தம். நாக்கை அண்ணத்தில் ஒட்டி எடுக்கிற சத்தம். ச்சு, ச்சு, ச்சு. குழந்தைகளுக்கும் பிராணிகளுக்கும் போடுகிற சத்தம். அவளுடைய வாய் தானாக மூடிக்கொண்டது.

தலையணைகள் நகர்ந்தன. அவள் கண்முன்னாலேயே.

ஒரு சாண். இன்னொரு சாண். பாயின் விளிம்பைத் தொட்டு நின்றன. பாயில் ஒரு மூடிய தட்டில் சோறு. ஒரு கிண்ணத்தில் தண்ணீர். அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு நடுவில் குந்தியிருந்தாள். பிறவுணி அவள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் தலையணைகளைத் தாண்டிப் போய் இருட்டுக்குள் படுத்தது.

இடைவெளி அப்படியே திறந்திருந்தது.

அதற்கு அப்பால் ஏதோ ஒன்று பதிந்து குந்தியது. மூட்டுகள் ஒவ்வொன்றாக நெட்டி முறிந்தன. உயரமானது. வெகுநேரம் மடிந்துகொண்டே இருந்தது. பிறகு மூச்சு. கடல் வற்றிய சேற்றின் மணம்.

அவசரமில்லாமல் ஒரு கை நீண்டது. வெளிறியது. மணிக்கட்டுக்குப் பின்னும் முடியாமல் நீண்டுகொண்டே வந்தது. விரல்களைத் தளர மடித்து, புறங்கையை மேலே வைத்து, அவள் முகத்துக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

அவள் மோந்து பார்க்கட்டும் என்று காத்திருந்தது.

மாக்கிறட்டின் கழுத்து, அவளைக் கேளாமலே, மெல்ல முன்னுக்கு நீண்டது.